தற்போதைய முகவரி

என் பயோடேட்டாவில் பொய் என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதையும் நான் எழுதவில்லை. கீரனூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அக்கா எழுதினார்.

கடைப் பலகையில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று மூன்று வரிகள் இருந்தன. உரிமையாளர் பெயர் இல்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. எல்லோருக்கும் அவர் ஜெராக்ஸ் அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கடையில் இருந்த ஒரே மின்விசிறி இயந்திரத்தைப் பார்த்துச் சுற்றும். மனிதர்களுக்கு வேர்த்தால் துடைத்துக்கொள்வார்கள், இயந்திரத்துக்குக் கை ஏது என்பார்.

நான் பொறியியல் முடித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. திருச்சியில் இருக்கிற அலுவலகங்களுக்கெல்லாம் விண்ணப்பம் அனுப்பிவிட்டு, தபாலையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வேலை இல்லை" என்று ஒரு வரிகூட யாரும் எழுதவில்லை. இன்னும் பத்துப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வோம் என்று அக்கா கடைக்குப் போன அன்றுதான் அவருடைய வழக்கம் தெரிந்தது. பிரதி எடுப்பதற்கு முன்னால் பயோடேட்டாவைச் சத்தமாகப் படிப்பார். கடையில் எத்தனை பேர் நின்றாலும் சரி.

"பி.இ., எழுபத்தெட்டு பர்சன்ட். நல்லாருக்கு. டைப்பிங் பாஸு. நல்லாருக்கு. அப்பா விவசாயம். அதுவும் நல்லாத்தான் இருக்கு." விரல் கடைசி வரியில் போய் நின்றது. "இங்கதான் நோயி இருக்கு."

"என்னக்கா?"

"குன்றாண்டார்கோவில் ஒன்றியம்னு போட்டிருக்க. இதைப் படிக்கிறவன் திருச்சில ஏசிக்குள்ள உக்காந்திருக்கான். குன்றாண்டார்கோவில் எங்கிட்டு இருக்குன்னு அவனுக்குத் தெரியுமா? பஸ்ஸு போகாத காடுன்னு நெனப்பான். மழை பேஞ்சா இந்தப் புள்ள வராது, கோயில்ல காப்புக் கட்டுனா ஒரு வாரத்துக்கு வராதுன்னு ஓரமா வச்சிருவான்."

"எங்க ஊருக்கு நாலு பஸ் வருதுங்கக்கா."

"எனக்குத் தெரியுது ஆத்தா. அவனுக்குல்ல தெரியணும்."

சொல்லிக்கொண்டே என் ஊரை அழித்தார். அந்த இடத்தில், தற்போதைய முகவரி என்று போட்டு, உறையூர்ப் பக்கம் ஒரு தெருவையும் கதவு எண்ணையும் அடித்தார். அது அவருடைய தங்கை வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. அதில் அப்போதே கீரனூர் சுற்றுவட்டாரத்தைச் சேர்ந்த பதினெட்டுப் பேர் காகிதத்தில் குடியிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"பொய் சொல்ற மாதிரி இருக்கேக்கா."

"மார்க்குல கை வச்சா பொய்யி. வீடு நாளைக்கே மாறிக்கிரும்."

முன்பு பதிலே போடாத ஓர் அலுவலகத்துக்கு அதே பயோடேட்டா போனது. அதே மதிப்பெண், அதே போட்டோ, அதே எழுத்துப்பிழை. நான்காம் நாள் கூப்பிட்டார்கள். மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றும் வேலை. நேர்முகத்தில் கேட்ட முதல் கேள்வி, "உறையூர்ல எங்கே?" என்பது. பதில் சொன்னேன். "பக்கம்தான், நல்லது" என்று சொல்லிக் குறித்துக்கொண்டார்கள். இரண்டாவது கேள்வி என்ன என்பது இப்போது ஞாபகம் இல்லை. அது முக்கியமாகவும் இல்லை.

வேலை என்பது படிப்புக்கும் திறமைக்கும் கிடைப்பது என்று எங்கள் கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அக்கா அந்தக் கட்சி இல்லை. வேலை ஊரைப் பார்த்துத்தான் வரும் என்பது அவர் கட்சி. எந்த ஊருக்கு எப்படிப்பட்ட ஆள் பிடிக்கும் என்பதை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். வரிசையில் நிற்பவர்களுக்கு அதைப் பாடம் மாதிரி சொல்வார்.

"திருச்சிக்காரனுக்குப் பக்கத்துத் தெரு ஆளு வேணும். திருப்பூர்க்காரனுக்குத் தூரத்து ஆளு வேணும், அப்பத்தான ஹாஸ்டல்ல போட்டு ஓவர்டைம் வாங்கலாம்? கோயமுத்தூர்க்காரன் கோயமுத்தூர்ல வேலை பாத்த அனுபவம் இருக்கான்னு கேப்பான். அவன் வேலை குடுக்காம அனுபவம் எங்கிட்டிருந்து வரும்? ஜெகதாப்பட்டினத்து ஐஸ் கம்பெனில பேப்பரையே வாங்க மாட்டாங்க. யாரு மகன்னு ஒரு கேள்விதான்."

இந்தத் தொழிலுக்கு முகவரிகள் தேவைப்பட்டன. அதனால் அக்கா ஒரு கல்யாணத்தையும் விடமாட்டார். மணப்பெண்ணின் நகையையோ சேலையையோ அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. "பொண்ணு எந்த ஊருக்குப் போகுது?" என்பார். ஓசூர் என்று சொல்லிவிட்டால் முகம் மலரும். தாலி கட்டின சூட்டோடு மாப்பிள்ளையிடம் போய் வாழ்த்திவிட்டு, "தம்பி, உங்க வீட்டுக் கதவு நம்பர் பழசா, புதுசா?" என்று கேட்பார். அவருடைய சொந்தக்காரப் பெண்கள் வாழ்க்கைப்பட்ட ஊர்களில் எல்லாம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வீடு இருந்தது.

உறையூர்த் தங்கை பொறுமைசாலி. தபால்காரர் ஒரு நாள், "அம்மா, இது வீடா, லேடீஸ் ஹாஸ்டலா? ஆம்பளைப் பேரும் வருதே" என்று கேட்டதற்கு, "பெரிய குடும்பம் சார்" என்று சொல்லியிருக்கிறார்.

அந்த வீட்டுக்குச் சோதனை வந்தது நான் வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதம். கம்பெனிகளுக்காக ஊழியர்களின் முகவரியைச் சரிபார்க்கும் இளைஞன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து என் பெயரைச் சொல்லி, இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறான். தங்கை, "குளிக்குது" என்றார். அடுத்த வாரம் வேறு கம்பெனிக்காக வேறு பெயர் சொல்லி அவனே வந்தான். "குளிக்கிறான்." அதற்கடுத்த வாரமும் வந்தான். அப்போதும் ஒருத்தி குளித்துக்கொண்டிருந்தாள். நான்காவது தடவை அவன் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, "இவங்களும் குளிக்கிறாங்களா அத்தை?" என்று கேட்டான்.

தங்கையின் பார்வை அவன் வண்டியில் போய் நின்றது. ஐம்பத்தைந்து என்று தொடங்கும் எண். புதுக்கோட்டை வண்டி.

"தம்பிக்கு எந்த ஊரு?"

அவன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இலுப்பூருங்க. ஆபீஸ்ல ஸ்ரீரங்கம்னு சொல்லி வச்சிருக்கேன்."

மோர் வாங்கிக் குடித்துவிட்டு, நால்வரையும் நேரில் பார்த்ததாக எழுதிக்கொண்டு போனான். இதைத் தங்கை சொல்லக் கேட்டு அக்கா சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு எல்லாம் சிரிக்கக்கூடியதாகவே இருந்தது.

முருகேசன் விஷயம் அப்படி முடியவில்லை.

கீரனூரை ஒட்டி ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனி வந்தது. அதன் பின்பக்கச் சுவருக்கு அந்தப்புறம் முருகேசன் வீடு. ஐ.டி.ஐ. படித்தவன். கம்பெனி கட்டும்போது ஆறு மாதம் செங்கல் சுமந்தவன். கட்டி முடித்து ஆள் எடுத்தபோது அவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளூர் ஆட்களை எடுப்பதில்லையாம். உள்ளூர்க்காரன் காதுகுத்துக்கு லீவு கேட்பான், நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கொடி பிடிப்பான்.

அக்கா அவனைத் தர்மபுரிக்காரன் ஆக்கினார். அவருடைய சித்தி மகள் அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தாள். வெளியூர் ஆட்களைக் கொண்டுவர வேண்டிய ஒப்பந்தக்காரருக்குத் தலைக்கணக்கு சரியாக வந்தால் போதும். ஆதார் அட்டையில் போட்டோவை மட்டும் பார்த்துக்கொண்டார். முருகேசன் வேலையில் சேர்ந்தான். வெளியூர்க்காரன் என்பதால் கம்பெனி விடுதியில் தங்கினான். மாடியில் நின்றால் அவன் வீட்டுக் கூரை தெரியும். அம்மா கடலை காயப்போடுவது தெரியும். பொங்கலுக்குத் தர்மபுரி தூரம் என்று பயணத்துக்காக அவனுக்கு இரண்டு நாள் கூடுதல் விடுப்புக் கொடுத்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம்வரை போய், சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

எட்டு மாதம் ஓடியது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சுவருக்கு அந்தப்புறமிருந்து அவன் அம்மாவின் குரல் கேட்டது.

"ஏலே முருகேசா! செவலை அத்துக்கிட்டு ஓடுதுடா!"

"வடக்கால மறிம்மா, இந்தா வாரேன்!"

தட்டை வைத்துவிட்டுச் சுவரேறிக் குதித்தான். தர்மபுரியிலிருந்து வந்த ஒருவன் கீரனூர் மாட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அது திரும்பிப் பார்த்து நின்றதைச் சூப்பர்வைசர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் அக்கா கடையைப் பூட்டிவிட்டுக் கம்பெனி வாசலுக்குப் போனார். அன்று எனக்கு வார விடுமுறை. நானும் கூடப் போனேன். ஆள் எடுக்கும் அதிகாரி வெளியே வந்து மரியாதையாகத்தான் பேசினார்.

"வேலையில குறை இல்லைங்க. நல்ல பையன். லோக்கல்னு தெரிஞ்சு போச்சு, அதான்."

"லோக்கல்னா எம்புட்டுத் தூரங்க சார்?"

"பத்து கிலோமீட்டர்னு வச்சிருக்கோம்."

"நீங்க தண்ணி எடுக்குற போரு எம்புட்டுத் தூரத்துல இருக்கு?"

அவர் சிரித்தார். அப்படியே திரும்பி நடந்தார். உள்ளே போனதும் காவலாளி கதவைச் சாத்தினான். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. புதுக் கதவு.

அன்று மாலை முருகேசனின் அம்மா கடைக்கு வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து சேலை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். "நாந்தேன் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும். மாடு எங்க போயிறப் போகுது?" என்று இரண்டு தடவை சொன்னார். அக்கா எதற்கும் பதில் வைத்திருப்பவர். அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

முருகேசன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போய்விட்டான். அங்கே அவனை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். அங்கே அவன் வெளியூர். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் அவன் இடத்துக்கு வந்தவன் நிஜமாகவே தர்மபுரிக்காரன். ஒரு நாள் ஜெராக்ஸ் எடுக்க வந்தவனிடம் அக்கா விசாரித்தார். அவன் ஊரிலும் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கம்பெனி இருக்கிறதாம். அங்கே உள்ளூர் ஆட்களை எடுப்பதில்லையாம்.

இதற்கிடையில் நான் நல்ல ஊழியராகிக்கொண்டிருந்தேன். காரணம் பேருந்து. காலை ஷிப்ட் எட்டு மணிக்கு. கீரனூரில் ஆறேகால் பேருந்தை விட்டால் அடுத்தது தாமதம் ஆக்கிவிடும். ஆறேகாலைப் பிடித்தால் ஏழரைக்கே அலுவலகத்தில் இருப்பேன். உறையூரிலும் தில்லைநகரிலும் குடியிருந்தவர்கள் எட்டேகாலுக்கு ஓடி வருவார்கள். "பக்கத்துல வீடு இருந்தா இதான் வசதி, பாருங்க அவங்களை" என்று மேலாளர் என்னைக் காட்டிப் பேசுவார். நான்காம் வருடம் என்னைக் குழுத் தலைவர் ஆக்கினார்கள். புது ஆட்களின் விண்ணப்பங்களைப் பிரிக்கும் வேலையும் வந்தது.

"சிட்டிக்கு வெளிய இருக்கிறதை அந்தப் பக்கம் வச்சிருங்க. வருவாங்க, ரெண்டு மாசத்துல நின்னுருவாங்க" என்றார் மேலாளர்.

வைத்தேன். உறையூர் வீட்டு முகவரியோடு வருகிற விண்ணப்பங்கள் எனக்கு உடனே தெரிந்துவிடும். அவற்றைக் கூப்பிட வேண்டிய பக்கம் வைப்பேன். அப்படி வந்த நான்கு பேரும் நன்றாகவே வேலை செய்தார்கள். "அந்த ஏரியாவே நல்ல ஏரியா போல" என்றுகூட மேலாளர் ஒரு முறை பாராட்டினார். ஆனால் இலுப்பூர், விராலிமலை, கீரனூர் என்று உண்மையை எழுதி அனுப்பியவர்களும் இருந்தார்கள். அக்கா கடைக்கு வழி தெரியாதவர்கள். என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவர்கள் அதில் இருந்தார்கள். அவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். வைத்தது என் கைதான். இரண்டு வருடம் வைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

ஆளாளுக்குக் கைப்பேசியிலேயே விண்ணப்பிக்கத் தொடங்கியதும் கடையில் கூட்டம் குறைந்தது. ஒரு நாள் நான் பேருந்திலிருந்து பார்த்தபோது பலகை இல்லை. அந்த இடத்தில் சிக்கன் பக்கோடா விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு மூன்று மாதம் கழித்து, விண்ணப்பக் கட்டில் எம்.ஏ. படித்த, தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்பிங் ஹையர் முடித்த ஒருவரின் பயோடேட்டா வந்தது. பெயர் எனக்குப் புதிது. முகவரி கீரனூர், பேருந்து நிலையத்துக்குப் பின் தெரு. தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி இரண்டும் அதுவே. அதைப் படித்த பிறகுதான் போட்டோவைப் பார்த்தேன்.

வராந்தாவுக்குப் போய் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, நான் இந்த ஆபீஸ்லதான் இருக்கேன். தங்கச்சி வீட்டு அட்ரஸ் போட்டு இன்னொண்ணு அனுப்புங்க. இதை நான் எடுத்து வச்சிர்றேன்."

"நீ அங்க இருக்கன்னு தெரிஞ்சுதான் அனுப்புனேன்."

"பிறகு ஏங்கக்கா இப்படி?"

"ஊரு புள்ளைகளுக்கெல்லாம் மாத்தி மாத்தி எழுதியாச்சு ஆத்தா. எனக்கு எழுத உக்காந்தா கை போகல. ஒரு தடவையாவது எங்க ஊரு கீரனூருன்னு சொல்லிக் கேட்டுப் பாக்குறேன். குடுக்கலைன்னா போறான்."

கூப்பிட வேண்டிய பக்கத்தில் அதை மேலாகவே வைத்தேன். மேலாளர் கட்டைப் புரட்டும்போது முதலிலேயே நின்றார்.

"கீரனூர்னு இருக்கு? எப்படி வருவாங்க?"

"நான் வர்ற பஸ்ல வருவாங்க சார்."

"நீங்க உறையூர்தானே?"

"இல்லை சார். ஆறு வருஷமா கீரனூர் பக்கத்துல இருந்துதான் வரேன். ஆறேகால் பஸ்."

சொன்ன பிறகுதான் வீடு ஞாபகம் வந்தது. அப்பா அந்த வருடம் கடலை போடவில்லை. வீட்டில் என் சம்பளம் மட்டும்தான். மேலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆறு வருடமாகப் பார்க்கிற ஆளைப் புதிதாகப் பார்ப்பதுபோல இருந்தது. கோபப்படவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். முன்னாடியே சொல்லியிருந்தால் முன்னாடியே அந்தப் பக்கம் போயிருப்பேன் என்று நான் சொல்லவில்லை.

அக்கா நேர்முகத்துக்கு வந்தார். இருபது நிமிடம் உள்ளே இருந்தார். தட்டச்சில் அவர் வேகத்துக்குப் பக்கத்தில் யாரும் இல்லை என்று சோதனை வைத்த பெண் என்னிடம் சொன்னாள். ஆனால் எடுக்கவில்லை. முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுப்பதில்லையாம்.

கீழே டீக்கடையில் இதை அவரிடம் சொன்னேன். அவர் டம்ளரை ஆற்றிக்கொண்டே, "வயசுன்னா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்கக்கா."

"ஊரைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?"

"இல்லை."

"பரவால்ல போ" என்றார். உண்மையிலேயே அவருக்குச் சந்தோஷம்தான் என்று பட்டது.

என் முகவரியைத் திருத்த அலுவலகத்தில் படிவம் கொடுத்தார்கள். மாற்றத்துக்கான காரணம் என்ற இடத்தில் திருமணம், வீடு மாற்றம் என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. வீடு மாற்றம் என்பதில் குறியிட்டேன். அடுத்த மாதம் மேலாளர் கூப்பிட்டு, மிகுந்த கரிசனத்தோடு, "அவ்வளவு தூரத்திலிருந்து வர்றீங்க, காலை ஷிப்டுக்கு நேரத்துக்கு வர்றது கஷ்டம்" என்று என்னை மதிய ஷிப்டுக்கு மாற்றினார். குழுத் தலைவர் பொறுப்பு காலை ஷிப்டுக்கு உரியது. அது தில்லைநகரிலிருந்து எட்டேகாலுக்கு வரும் ஒருவருக்குப் போனது.

அக்கா திருப்பூருக்குப் போனார். பனியன் கம்பெனி ஒன்றின் பெண்கள் விடுதிக்குக் காப்பாளர் தேவைப்பட்டிருந்தது. தூரத்து ஊர்க்காரராக இருக்க வேண்டும், உள்ளூரில் சொந்தபந்தம் இருக்கக் கூடாது, வயதானவராக இருந்தால் நல்லது என்று கேட்டிருந்தார்கள். உள்ளபடியே எழுதி அனுப்பினார். உடனே வரச் சொல்லிவிட்டார்கள்.

போன மாதம் பேசினேன். பின்னால் பெண்களின் சத்தமும் பக்கெட் சத்தமும் கேட்டன.

"எப்படிக்கா இருக்கு?"

"இருக்கு. அறந்தாங்கி, ஆலங்குடின்னு நம்ம பக்கத்துப் புள்ளைகளும் இருக்குதுக. சொன்னா நம்ப மாட்ட, ஒருத்திக்கும் என் பேரு தெரியாது. கீரனூரக்கா, கீரனூரக்கான்னுதான் கூப்புடுதுக."

அதற்குள் யாரோ ஒரு பெண் மாடிப்படியிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது எனக்கும் கேட்டது.

"இந்தா, வாரேன்!" என்றார் அக்கா. போனை வைக்க மறந்துவிட்டுப் போனார்.